அவர் தரப்பு எங்கே?

ஓர் ஊராட்சித் தலைவர் ஐயாயிரம் ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்று புகார் வருகிறது. நிருபர் செய்தி அனுப்புகிறார். டெஸ்க்கில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘தலைவர் தரப்பு எங்கே?’ என்பதுதான். உடனே போன் போகும். எடுக்கவில்லை என்றால், ‘பலமுறை தொடர்புகொண்டும் அவர் பதிலளிக்கவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்த்த பிறகே செய்தி அச்சுக்குப் போகும். பத்திரிகை வேலைக்கு வரும் எவருக்கும் சொல்லித்தரப்படும் பாலபாடம் இது.

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இன்னொரு செய்தி இருக்கும். பேருந்தின் மீது கல்லெறிந்தவர், செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றவர், கோயில் வாசலில் கூச்சலிட்டவர் என்று யாரோ ஒருவர். ‘அவர் சற்று மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று கூறப்படுகிறது’ என அந்தச் செய்தி முடியும். கூறியது யார்? மருத்துவரா, உறவினரா, வேடிக்கை பார்த்தவரா, ஸ்டேஷன் எழுத்தரா? தெரியாது. அந்த வரியை எழுதியவர் யாரும் அவரிடம் போய், ‘என்னங்க நடந்தது?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். பதிலளிக்கவில்லை என்ற வரிகூட இருக்காது. கேட்டால்தானே பதிலளிக்காமல் இருக்க முடியும்?

ஊராட்சித் தலைவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு வரி, மனநோய் உள்ளவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே இங்கே கேள்வி. ஊடகம் அவர்களை எப்படிச் சித்திரிக்கிறது என்று ஆண்டுதோறும் கருத்தரங்குகள் நடக்கின்றன. சித்திரிப்பு மோசம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நல்லபடியாகச் சித்திரித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் பாதிப் பேச்சுதான். பேச வேண்டியவரின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராத வரை, எவ்வளவு இரக்கத்தோடு எழுதினாலும் அது அடுத்தவர் எழுதித் தரும் சான்றிதழ்தான்.

உள்ளூர்க் குற்றச் செய்திகளை வாசித்துப் பழகியவர்களுக்கு ‘தீராத வயிற்று வலி’ நன்கு தெரிந்திருக்கும். மணமான ஓர் இளம் பெண் இறந்துபோனால் முதல் தகவல் அறிக்கையில் அடிக்கடி எழுதப்படும் காரணம் அது. குடும்பம் சொல்லும், போலீஸ் எழுதிக்கொள்ளும், நிருபர் அப்படியே வாங்கி அனுப்புவார். பல ஆண்டு மனச்சோர்வோ, கணவன் வீட்டுக் கொடுமையோ, பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயோ, எதுவாக இருந்தாலும் அச்சில் வயிற்று வலி ஆகிவிடும். இப்படி ஒரு பக்கம் மனநோயே இல்லை என்று மறைக்கிறோம். மறுபக்கம், யாரோ ஒருவர் கல்லெறிந்தால், விசாரிக்காமலே மனநோய் என்று எழுதிவிடுகிறோம். வீட்டுக்குள் நேர்ந்தால் வயிற்று வலி, தெருவில் நேர்ந்தால் பைத்தியம்.

இதன் விலை என்ன என்பதற்குப் பழவேற்காடு சாட்சி. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வட தமிழகம் முழுக்க வதந்தி பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்து மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில் பழவேற்காட்டில், வீடின்றித் திரிந்த ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அவர் மனநோயாளி என்று பின்னர் தெரியவந்தது. யார், எந்த ஊர், எங்கே போகிறாய் என்று கும்பல் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனதே அவர் உயிருக்கு வினையானது. மனநோய் உள்ளவர் என்றால் கத்தியோடு வருவார் என்று திரையில் பார்த்துப் பழகிய ஊர் இது. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் நடந்து 2012இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு சொல்வதோ நேர்மாறு: மனநோய் உள்ள பெரியவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு, எந்தக் குறைபாடும் இல்லாதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. அடிப்பவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் உண்மையில் அடிவாங்குகிறவர்கள்.

சினிமாவைத் திட்டுவது சுலபம். ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’ காலம் தொட்டு, ‘ஆளவந்தான்’, ‘அந்நியன்’, ‘சைக்கோ’ வரை மனப்பிறழ்வு என்பது கொலைக்கான ஏற்பாடு என்றே தமிழ்த் திரை பழக்கியிருக்கிறது. 2005இல் மட்டும் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’னும் சில மாத இடைவெளியில் வந்து, ஒருவருக்குள் இன்னொருவர் குடியிருப்பது என்ற அபூர்வமான நிலையை ஊரறிந்த நோயாக்கிவிட்டன. மனநல மருத்துவமனைகளின் ஓபி வரிசையில் நிற்கும் பெரும்பாலானோருக்கு இருப்பது மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு, குடிநோய் போன்றவை. அவர்களில் யாருக்கும் ‘அந்நியன்’ நாயகனைப் போலக் கருட புராணம் மனப்பாடம் இல்லை. தனுஷ் நடித்த ‘3’ படத்தில் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ள நாயகன் மனைவியிடம் நோயை மறைக்கிறான், கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்த நோயோடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவரும் ஆயிரக்கணக்கானோரைப் பற்றிப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்? கதையே இல்லையே என்பார்கள்.

ஆனால், இவற்றையெல்லாம்விட யோசிக்க வைப்பது, இரக்கத்தோடு எடுக்கப்பட்ட ஒரு படம். 1999 டிசம்பரில் வெளியான ‘சேது’. தலையில் அடிபட்டு நிலைதவறிய நாயகன், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் ஒரு மடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். தமிழ்நாடே அழுதது. விக்ரமின் வாழ்க்கை மாறியது, பாலா பெரிய இயக்குநரானார். அழுதவர்கள் சேதுவுக்காகவும் அவன் காதலி அபிதாவுக்காகவும் அழுதார்கள். பக்கத்தில் கட்டிக் கிடந்தவர்களுக்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. அந்தச் சங்கிலி நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று எந்தப் பத்திரிகையும் தேடிப் போனதாகவும் நினைவில்லை. 

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடு அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கே இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பாதுகாப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வழக்கின் தலைப்பில் இன்றைக்கும் இறந்தவர்களின் எண்ணிக்கை 25 என்றே இருக்கிறது. முதல் நாள் செய்தியில் வந்த கணக்கு அது. பின்னால் இறந்த மூவர் தலைப்பில் ஏறவே இல்லை.

அந்தச் சில வாரங்களில் ஏர்வாடி பற்றி எழுதப்பட்டது கொஞ்சநஞ்சம் அல்ல. கருகிய உடல்களின் படங்கள் வந்தன. மனநோய் தீரும் என்ற தர்கா நம்பிக்கை பற்றி விவாதம் நடந்தது. காப்பக உரிமையாளர், ஆட்சியர், மனநல மருத்துவர், அமைச்சர் எல்லோரும் பேசினார்கள். தீயிலிருந்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் அதே சங்கிலியில் கிடந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க எப்படிப் போவீர்கள், சாப்பாடு யார் தருவார், காலில் புண் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதியிருந்தால், அதுதான் அந்த ஆண்டின் மிக முக்கியமான செய்தியாக இருந்திருக்கும். அவர்களோ புகைப்படங்களில்தான் இருந்தார்கள்.

கேலிக்கு வருவோம். சென்னை மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. நூற்றைம்பது ஆண்டாகிறது. ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்’ என்ற வசனம் இல்லாத நகைச்சுவைக் காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலங்கைத் தமிழருக்கு அங்கொடை, மலையாளிகளுக்குக் குதிரைவட்டம், இந்திக்காரர்களுக்கு ஆக்ரா. சிரிக்கக் கூடாது என்று யாரும் தடை போடப் போவதில்லை, போடவும் கூடாது. 2024 ஜூலை 8 அன்று, படங்களில் மாற்றுத்திறனாளிகள் கேலி செய்யப்படுவதற்கு எதிராக நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது: மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, அவர் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு. படம் எடுப்பவர்கள் சம்பந்தப்பட்டவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் அடங்கும். ஆகவே இந்தத் தீர்ப்பு கீழ்ப்பாக்கம் ஜோக்குக்கும் பொருந்தும்.

2019இல் ‘மெண்டல் ஹை கியா’ என்ற இந்திப் படத் தலைப்புக்கு எதிர்ப்பு வந்தது. கங்கனா ரணாவத், ராஜ்குமார் ராவ் நடித்த படம். கடைசியில் ‘ஜட்ஜ்மெண்டல் ஹை கியா’ என்று தலைப்பு மாறியது. நல்லதுதான். ஆனால், தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதி முன்னால் நின்றது இந்திய மனநல மருத்துவர் சங்கம். இங்கேயும் மருத்துவர்தான் நோயாளிக்காகக் கோபப்பட்டார். நோயாளி கோபப்பட்டாரா என்று செய்தியில் தேடினால் கிடைக்காது.

பிரிட்டனில் கதை வேறு மாதிரிப் போனது. 2003 செப்டம்பர் 22 அன்று, முன்னாள் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஃப்ராங்க் ப்ருனோ மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை, ‘தி சன்’ நாளிதழ் மறுநாள் முதல் பக்கத்தில் கிறுக்கு ப்ருனோவை அடைத்துவிட்டார்கள் என்ற தொனியில் கொட்டை எழுத்தில் போட்டது. வாசகர்கள் கொதித்தார்கள். அன்றைக்கே அடுத்தடுத்த பதிப்புகளில் தலைப்பு மாறியது. அடுத்து அந்தப் பத்திரிகையே மனநல அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்ட இறங்கியது. விற்பனை எண்ணிக்கையில் கண் வைத்த ஒரு பத்திரிகை ஒரே நாளில் இப்படிப் பின்வாங்கியது பெரிய விஷயம்.

பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் சுவாரசியம். 2013 செப்டம்பரில் ஆஸ்டா என்ற சூப்பர்மார்க்கெட் இணையத்தில் ஹாலோவீன் வேஷம் ஒன்றை விற்றது. பெயர், ‘மனநோயாளி வேஷம்’. ரத்தம் தெறித்த உடை, முகமூடி, கையில் வெட்டுக்கத்தி. விலை 20 பவுண்டு. டெஸ்கோ இன்னொரு வேஷம் வைத்திருந்தது. அன்று அறிக்கை விட்டுக்கொண்டிருக்காமல் நோயாளிகளே இறங்கினார்கள். தத்தம் புகைப்படத்தை எடுத்து, ‘இதுதான் மனநோயாளி வேஷம்’ என்று போட்டார்கள். எல்லாம் சாதாரண அன்றாட உடைகள். ஒரே நாளில் இரண்டு கடைகளும் வேஷத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டன. ஆஸ்டா, ‘மைண்ட்’ என்ற தொண்டு நிறுவனத்துக்கு 25,000 பவுண்டு கொடுத்தது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டே வாரத்தில் அதே ‘தி சன்’, மனநோயாளிகளால் கொல்லப்பட்டவர்கள் 1,200 பேர் என்று முதல் பக்கத்தில் அலறியது. ஆனால், அப்போது பதில் சொல்ல ஆட்கள் தயாராக இருந்தார்கள். அவர்களின் முகம் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் பாட்சி ஹாகே என்ற பெண்ணுக்குக் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. மருந்து பெரிதாக உதவவில்லை. நீங்கள் பார்க்காத கடவுளை நம்புகிறீர்கள், எனக்குக் கேட்கும் குரலை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள் என்ற பொருளில் தன் மருத்துவர் மாரியஸ் ரோமேயை மடக்கினார். ரோமேயிடம் பதில் இல்லை. 1987இல் இருவரும் சேர்ந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றார்கள். சுமார் 700 பேர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் 450 பேருக்குக் குரல் கேட்டது. அந்த 450 பேரில் 150 பேர், ‘கேட்கிறது, சமாளித்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம்’ என்றார்கள்! அவர்களில் பலர் மருத்துவமனைக்கு வராமலேயே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். எந்த மருத்துவப் பாடநூலும் இப்படி ஒரு கூட்டம் இருப்பதைப் பெரிதாகச் சொல்லியிருக்கவில்லை. பல நாடுகளில் இன்று இயங்கும் ‘குரல் கேட்போர்’ குழுக்கள் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து கிளைத்தவை. ஒரு தொலைக்காட்சி நிலையம் செய்ததெல்லாம், மருத்துவருக்குப் பக்கத்தில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி போட்டதுதான்.

அதே 1987இல்தான் வியன்னாவில் மெட்ரோ ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை நாளிதழ்கள் நிறுத்திக்கொண்டன. ஆறு மாதத்தில் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட முக்கால் பங்கு குறைந்தது. இது பத்திரிகைக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் கதை. இதன் இரண்டாம் பாகம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 2010இல் அதே வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு, சாவு எண்ணம் வந்தும் அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானதை ஒட்டித் தற்கொலைகள் குறைந்ததைக் காட்டியது. மொசார்ட்டின் இசை நாடகத்தில் சாகப்போய்த் திரும்பி வரும் பப்பகேனோ என்ற பாத்திரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். எழுதாமல் இருப்பது உயிரைக் காக்கும், சரியான ஆளைப் பேசவிட்டு எழுதினாலும் உயிரைக் காக்கும் என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் புரிவது. நம் நாளிதழ்களுக்கு முதல் பாடமே இன்னும் முழுதாக ஏறவில்லை. இந்திய பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் தெளிவான வழிகாட்டுதல் கொடுத்தது: இறந்த விதத்தை விவரிக்காதே, தலைப்பில் போடாதே, படம் போடாதே. இன்றும் தலைப்பில் விதம் இருக்கிறது, நடுவில் படம் இருக்கிறது, கடைசியில் சின்னப் பெட்டிக்குள் 104, சிநேகா என்று உதவி எண்கள் இருக்கின்றன. தலைப்பு செய்த காரியத்தைப் பெட்டி சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

தமிழில் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. மதுரையில் பிறந்து, சென்னையில் வறுமையோடு வாழ்ந்து 2003இல் மறைந்த கோபி கிருஷ்ணன் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். தானும் மனச்சிக்கல்களோடு போராடியவர். மனநல மருத்துவமனைவாசிகளை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்று பெயர். நாற்பது ஆண்டுக்கு முந்தைய முயற்சி. சிற்றிதழ் வட்டத்துக்கு வெளியே அதைப் படித்தவர்கள் குறைவு. அவர் உயிரோடு இருந்தவரை, மனநலம் பற்றிய எந்த வெகுஜனப் பத்திரிகைக் கட்டுரைக்காவது அவரிடம் கருத்துக் கேட்டார்களா என்பது நியாயமான சந்தேகம்.

புணேயில் வாழும் ரேஷ்மா வள்ளியப்பன் மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டவர், ஓவியர், எழுத்தாளர். தன் அனுபவத்தை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். அவரைப் பற்றிய ‘ஏ டிராப் ஆஃப் சன்ஷைன்’ ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. மருந்து பற்றி அவர் சொல்வதைப் பல மனநல மருத்துவர்கள் ஏற்க மாட்டார்கள். மனச்சிதைவுக்கு மருந்தை நிறுத்துவது பலருக்கு ஆபத்தாக முடியும் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும், ஒருவர் தன் நோயைப் பற்றித் தானே ஒரு கருத்து வைத்திருக்கிறார், மருத்துவர் அவரோடு பொதுவெளியில் வாதம் செய்கிறார் என்ற காட்சியே நமக்குப் புதிது. மருத்துவர் சொல்வதோடு ஒத்துப்போகிற நோயாளியை மட்டும் மேடை ஏற்றினால், அது குரல் கொடுப்பதாகாது. மருத்துவமனையின் நன்றியறிதல் விழா ஆகிவிடும்.

நட்சத்திரங்கள் பேசுவதற்கு மட்டும் தடை இல்லை. 2015இல் தீபிகா படுகோன் தன் மனச்சோர்வு பற்றித் தொலைக்காட்சியில் பேசியது பெரிய திருப்பம். பலருக்கு அது தைரியம் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், கவனித்துப் பாருங்கள்: நட்சத்திரம் பேசினால் மனச்சோர்வு, பதற்றம். மனச்சிதைவு உள்ள, கந்தல் உடுத்திய, வேலையில்லாத, சொந்தக்காரர்கள் கைவிட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசி எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருக்கிறது. நோய்க்கு நோய் மாறினாலும், எழுபது முதல் தொண்ணூறு சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. இந்தக் கூட்டத்திலிருந்து ஒருவராவது அக்டோபர் 10, உலக மனநல நாள் விவாத மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. மனநல மருத்துவர், ஆலோசகர், ஒரு நடிகை, நெறியாளர் என்று நான்கு நாற்காலியோடு நிகழ்ச்சி முடிந்துவிடும்.

செய்தியாளர்கள் இதற்குச் சொல்லும் பதில்களைத் தள்ளிவிட முடியாது. நோய் முற்றிய நிலையில் ஒருவர் சொல்வதை எப்படி நம்புவது என்பார்கள். அமைச்சர் சொல்வதை எப்படிச் சரிபார்க்கிறோமோ, அப்படித்தான். மனநோய் உள்ளவர் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. எல்லா நாளும் ஒரே நாளல்ல. இன்று பேச முடியாதவர் மருந்து பிடித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் தெளிவாகப் பேசுவார். காத்திருக்கலாம்.

இரண்டாவது பதில் இன்னும் கனமானது: பேசினால் அவருக்கே தீங்காகாதா? ஆகலாம். பேட்டி வந்த மறுநாள் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வார், தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போகும். அதனால்தான் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். யூடியூப்பைத் திறந்தால் இந்தச் சட்டம் ஊருக்குள் வந்ததாகவே தெரியவில்லை. தெருவில் திரியும் ஒருவரைப் பிடித்து, கேமரா முன்னால் சடைமுடியை மழித்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி, பின்னணியில் சோக இசை ஓடவிட்டு, ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடும் வீடியோக்கள் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. எடுப்பவர்களில் பலர் நல்ல மனதுக்காரர்கள். சிகிச்சை நிலையத்துக்குள் நடக்கவில்லை என்பதால் 24ஆம் பிரிவுகூட நேரடியாகப் பாயாமல் போகலாம். ஆனாலும், குளிக்கும்போது படம் எடுக்கலாமா என்று யாரும் அந்த மனிதரைக் கேட்பதில்லை. அவர் ‘விடுங்கடா’ என்று கத்துவது வீடியோவில் தெளிவாகவே கேட்கும். அதுவும் ஒரு தரப்புதான்.

சட்டம் இவ்விஷயத்தில் ஊடகத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாநில மனநல ஆணையத்தில், மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்களின் பிரதிநிதிகளாக இருவரை அரசு நியமிக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. கவனிப்பாளர்கள் சார்பில் இருவர் தனி. கொள்கை வகுக்கும் மேஜையில் இடம் உண்டு. 2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலில், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி வைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உள்நோயாளிகள் வாக்களித்தார்கள். நாட்டை யார் ஆள வேண்டும் என்று சொல்ல அவர்களுக்குத் தகுதி உண்டு என்றாகிவிட்டது. தங்களுக்கு நேரும் ஒரு சம்பவத்தைப் பற்றி உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரி சொல்லத் தகுதி இல்லையா?

பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ‘மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று கூறப்படுகிறது’ என்ற வரி வந்தால், கூறியது யார் என்று டெஸ்க் கேட்கட்டும், பதில் இல்லையென்றால் வரியை வெட்டட்டும். காப்பகம் பற்றிய செய்தியில் உள்ளே தங்கியிருக்கும் ஒருவரின் பேச்சாவது இருக்கட்டும். ஒப்புதல் வாங்கும்போது நோயாளியிடமே வாங்க வேண்டும், அண்ணனிடமோ வார்டன் அம்மாவிடமோ அல்ல. வரும் அக்டோபர் 10 சிறப்புப் பக்கத்துக்கு மருத்துவரின் கட்டுரை ஒன்று போதும், மீதி இடத்தில் நோயோடு வாழ்பவர்கள் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, நிருபர் எழுதலாம். பெயர் போடலாமா, புனைபெயரா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பேட்டி கொடுத்த அன்றைக்குச் சம்மதித்தவர், பக்கம் தயாராகும் அன்றைக்கு மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளவும் உரிமை வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். மற்ற கட்டுரையாளர்களுக்கு என்ன தொகையோ அதே தொகை அவருக்கும் போக வேண்டும்.